கிளெனிஸ் வரைந்த மஞ்சள் மூடி

எங்கள் தெருவை வரைய ஒருத்தி இருக்கிறாள் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். வரைய என்ன இருக்கிறது? பதினெட்டு செங்கல் வீடுகள், மின்கம்பிகள், தெரு முடிகிற இடத்தில் யூகலிப்டஸ் காடு, அதற்கு மேல் டிவி கோபுரம் நிற்கிற மலை. நியூகாசலிலிருந்து மேற்கே வந்தால் இப்படி நூறு தெரு பார்க்கலாம்.

கிளெனிஸ் பிரிட்மோருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஹார்டுவேர் கடையில் சுவர்ப் பெயின்ட் கலந்து கொடுக்கிற வேலை. கலவை தப்பிப்போய் யாரும் வாங்காத டப்பாக்கள் அவள் வீட்டுக்கு வந்துவிடும். புருஷன் பெர்த்துக்குப் போய்த் திரும்பாத வருஷம் மாலை வகுப்பில் சேர்ந்து, எல்லோரையும் போல ஏரியையும் படகையும் வரைந்தாள். ஒருநாள் நிறுத்திவிட்டாள்.

"படகை வரைய ஆயிரம் பேரு இருக்காங்க. நம்ம தெருவுக்கு யாரு இருக்கா?" என்றாள் என்னிடம்.

அன்றிலிருந்து, கடையில் அவளுக்கு விடுமுறையான புதன்கிழமைகளில், காலை ஆறரைக்கு, என் வீட்டு வாசல் புல்லில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். என் புல்! ஒரு வார்த்தை கேட்டதில்லை. பதினோரு வருஷமாக எனக்கு எரிச்சல்தான். ஆனால் என் வீட்டு வெள்ளைச் சுவர் மழைக்கு முன்னால் ஊதாவாக மாறுவதை அவள் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

புதன் குப்பை வண்டி வரும் நாள். சிவப்பு மூடித் தொட்டி வாராவாரம். மறுசுழற்சிக் குப்பைக்கு மஞ்சள், தோட்டக் குப்பைக்குப் பச்சை; அவை ஒரு வாரம் இது, மறுவாரம் அது. இது எந்த வாரம் என்று எங்கள் தெருவில் யாருக்கும் நினைவிருக்காது. எதிர்வீட்டு மெர்வின் செவ்வாய் சாயங்காலம் நாலு மணிக்கு வெளியே வைப்பதைப் பார்த்து நாங்களும் வைப்போம். எண்பத்தொரு வயது, ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர், தப்பே வராது. கிளெனிஸும் பலகையில் முதலில் வைப்பது அவர் வீட்டு மூடியின் நிறத்தைத்தான். அது உட்கார்ந்த பிறகுதான் மலையும் மரமும்.

மார்ச்சில் ஒரு புதன் காலை, பாதி வீடுகளில் மஞ்சள், பாதியில் பச்சை. குழம்பிப்போய் கிளெனிஸின் தோளுக்கு மேலாகப் பலகையை எட்டிப் பார்த்தேன். மெர்வின் வாசலில் மஞ்சள் மூடி பளிச்சென்று இருந்தது. அப்பாடா என்று என் மஞ்சளை இழுத்து வந்து வைத்தேன். அப்புறம்தான் எதிரே பார்த்தேன்.

"ஏய் கிளெனிஸ், மெர்வோட தொட்டி எங்க?"

"அங்கதான். கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?"

"படத்துல இருக்கு. தெருவுல இல்லியே."

நிமிர்ந்து பார்த்தாள். தூரிகையைப் போட்டுவிட்டு ஓடினாள், நானும் ஓடினேன்.

துணி துவைக்கும் அறையில், முந்தின நாள் மத்தியானத்திலிருந்து தரையில் கிடந்தார். இடுப்பெலும்புதான் முறிந்திருந்தது, வாய் நன்றாக இருந்தது. "அதுக்குள்ள வந்துட்டீங்களே" என்றார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு கிளெனிஸ் என் புல்லில் உட்கார்ந்து அழுதாள். "ஒரு மணி நேரமா அந்த வீட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஆனா பாக்கவே இல்ல. வழக்கமா இருக்கும்னு வரைஞ்சுட்டேன்." அந்த மஞ்சளைக் கத்தியால் சுரண்டி எடுத்தாள். ஏழு வாரம் தூரிகையைத் தொடவில்லை.

சிட்னியிலிருந்து வந்த மெர்வின் மகள் ரோவேனா அவரைச் சேர்க்க ஒரு முதியோர் இல்லம் தேடிக்கொண்டிருந்தாள். உடம்பும் போய், ஞாபகமும் போனால் தனியாக எப்படி விடுவது என்பது அவள் கவலை. அதுவும் நியாயம்தான்.

"சரியான தொட்டிய நானே வெளிய வச்சுட்டா என்னை இந்த வீட்டுலயே விட்டுடுவியா?" என்றாராம் மெர்வின்.

"சரிப்பா, வச்சுக் காட்டுங்க."

அவர் வீடு திரும்பியது ஒரு செவ்வாய் ராத்திரி. மறுநாள் காலை கிளெனிஸ் முக்காலியோடு வந்துவிட்டாள். மலை, கம்பி, மரம் எல்லாம் வரைந்து முடித்தாள். மெர்வின் வாசலை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். இத்தனை வாரத்தில் நாங்கள் குப்பை வண்டி அட்டவணை பார்க்கப் பழகியிருந்தோம். அது பச்சை வாரம்.

கராஜ் கதவு திறந்தது. தொட்டியையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு, அடி அடியாகத் தள்ளி வந்தார். பின்னால் ரோவேனா. ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார். மூடி மஞ்சள். என் வாசலைப் பார்த்து இரைந்தார்.

"டேய், பச்சையா வச்சிருக்க? மஞ்சள் வாரம்டா இது!"

ரோவேனா தெரு முழுக்கப் பச்சையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவள் முகம் வாடியது.

"ஐயோ, ஆமா மெர்வ்! நான் தப்பா வச்சதைப் பாத்து எல்லாரும் வச்சுட்டாங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பச்சையை உள்ளே இழுத்தேன். பக்கத்து வீட்டுக்காரியும் இழுத்தாள். அதற்கடுத்த வீடு, அதற்கடுத்தது. பத்து நிமிஷத்தில் தெருவே மஞ்சள்.

"நான் இல்லன்னா இந்தத் தெரு உருப்படாது" என்றார் மெர்வின். ரோவேனா சிரித்துவிட்டு, டீ போட உள்ளே போனாள்.

அப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு அவள் சிட்னிக்குக் கிளம்பிய பிறகுதான் வண்டி வந்தது. பச்சைத் தொட்டி எடுக்கிற வண்டி ஒரு தொட்டியும் தூக்காமல் தெருவைக் கடந்து போனது. கிளெனிஸ் ஒவ்வொரு வீடாக நிமிர்ந்து பார்த்து, பதினெட்டு மஞ்சளையும் வரைந்தாள்.