கொசோங் பட்டம்

என் தம்பி யுகேந்திரன் பத்து ஆண்டுகளாகப் பட்டினி கிடந்தான். வீட்டில் சோறு இல்லாமல் இல்லை. குளுவாங்கில் லாரிகளுக்கு டயர் மாற்றும் கடையில் அவனுக்கு நிரந்தர வேலை. அம்மா காளியம்மா சமையலுக்குத் தெருவே மூக்கைத் தூக்கும். பட்டினிக்குக் காரணம் குத்துச்சண்டை. லைட்வெயிட் பிரிவில் மோதுகிறவன் அறுபத்தொரு கிலோ இருநூற்றுச் சொச்சம் கிராமைத் தாண்டக் கூடாது. அவன் உடம்போ சும்மா விட்டால் எழுபதுக்கு ஓடும். சண்டைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே சோற்றை ஒதுக்கிவிடுவான். கடையில் உட்கார்ந்தால் தே ஓ கொசோங், அதாவது பாலும் இல்லாத சீனியும் இல்லாத வெறும் சாயத் தண்ணீர். வீட்டில் ஆட்டிறைச்சி வேகிற நாளில் ரயில் நிலையம் வரை நடந்துவிட்டு, நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் திரும்புவான்.

நான் லோஷினி, அவனுக்கு அக்கா. கிளினிக்கில் தாதி. மேடையில் அவனுக்குப் புருவம் கிழிந்தால், சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே உள்ள ஒரு நிமிடத்தில் ரத்தத்தை நிறுத்துவது என் வேலை. அதற்கும் குத்துச்சண்டை வாரியத்தின் லைசென்ஸ் வேண்டும். "பொம்பள மேடை மூலையில நின்னா பாக்க நல்லாருக்காதும்மா" என்று சொல்லி இரண்டு முறை என்னைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை நான் அங்கேயே உட்கார்ந்து வாதாடியதில் காது வலி தாங்காமல் கொடுத்தார்கள். ஆகவே எனக்குக் கோபம் வரும். இதைப் படிக்கிறவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ளட்டும்.

தேசியப் பட்டம் என்பது நன்றாகக் குத்துகிறவனுக்குப் போய்ச் சேரும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பட்டம் வாரியத்தின் கையில் இருக்கிறது. நாட்டில் யார் முதலிடம், யார் இரண்டாமிடம் என்று வரிசை போடுவது வாரியம். எந்தச் சண்டைக்குப் பட்டம் உண்டு, எதற்கு இல்லை என்று சொல்வதும் வாரியம். நடுவரையும் தீர்ப்பாளர்களையும் அனுப்புவதும் அவர்களே. மண்டபம் பிடித்து, டிக்கெட் விற்று, தனக்கென்று ஆட்டக்காரர்களை ஒப்பந்தம் போட்டு வைத்திருப்பவர் ஏற்பாட்டாளர். இந்த இரண்டு தரப்பும் ஒன்றோடு ஒன்று ஒட்டக் கூடாது. அதுதான் முறை. எங்கள் வாரியத்தின் செயலாளர் காசிவிஸ்வநாதன். ஜொகூரில் சண்டைகளை நடத்தும் ஒரே ஏற்பாட்டாளர் ரூபேந்திரன். ரூபேந்திரன் காசிவிஸ்வநாதனுடைய மனைவியின் தம்பி. வேலிக்கு ஓணான் சாட்சி என்று சும்மாவா சொன்னார்கள்.

ரூபேந்திரனிடம் கையெழுத்துப் போடச் சொல்லி என் தம்பியைப் பல முறை கேட்டார்கள். போட்டால் யாரோடு மோதுவது, எப்போது மோதுவது எல்லாம் ரூபேந்திரன் வைத்ததுதான் சட்டம். தம்பி போடவில்லை. அதனால் அவனுக்குச் சண்டைகள் குறைந்தன. கிடைத்த சண்டைகளில் எல்லாம் ஜெயித்துக்கொண்டே இருந்ததால் அவர்களாலும் அவனை மறைக்க முடியவில்லை. வரிசையில் முதலிடத்துக்கு வந்துவிட்டான்.

அந்த நேரத்தில் பழைய சாம்பியன் வேறு எடைப் பிரிவுக்கு மாறினான். பட்டம் காலியானது. வாரியத்தார் மலாயில் அதைக் கொசோங் என்று அறிவித்தார்கள். முதலிடத்தானும் இரண்டாமிடத்தானும் மோத வேண்டும், ஜெயித்தவன் சாம்பியன். இரண்டாமிடத்தில் இருந்தவன் அஷ்வின், ரூபேந்திரனின் ஆள். நல்ல கைதான் அவனுக்கு. ஆனால் அவன் அடித்து ஏறியவர்களில் பாதிப்பேர் மூச்சு வாங்கிக்கொண்டே மேடை ஏறியவர்கள்.

தம்பிக்கு அந்தப் பட்டம் எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. "ஒரே ஒரு தடவ சாம்பியன்னு கூப்புட்டாப் போதும்க்கா, அப்பறம் விட்டுடறேன்" என்றான். முப்பத்துமூன்று வயது. இதை விட்டால் இன்னொன்று கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

சண்டைக்கு முதல்நாள் கூலாயில் ஒரு மண்டபத்தில் எடை பார்த்தார்கள். காலையில் என் கிளினிக்கில் ஏற்றிப் பார்த்தேன், சரியாக இருந்தது. மண்டபத்தில் இருந்தது வாரியத்தின் தராசு. முதலில் அஷ்வின் ஏறினான். இழை பிசகாமல் எல்லையில் நின்றது முள். என் தம்பி கால்சட்டையும் இல்லாமல், சுற்றிலும் துண்டைப் பிடித்துக்கொள்ள, ஏறினான். எண்பது கிராம் கூடுதல்.

காசிவிஸ்வநாதன் கண்ணாடியை இறக்கி அவன் இடுப்பைப் பார்த்தார். அங்கே வெள்ளி அரணாக்கொடி இருந்தது. தம்பி முதன்முதலில் மேடை ஏறியபோது அம்மா கட்டிவிட்டது. கனமான கொடி, எண்பது கிராமுக்கு மேலேயே இருக்கும்.

"அத கழட்டிட்டு ஏறுங்க தம்பி," என்றார்.

நம் வீடுகளில் ஆண்பிள்ளைக்கு இடுப்பில் கயிறு இல்லாமல் இருக்காது. வெறும் இடுப்பு பிணத்தின் இடுப்பு. செத்த பிறகுதான் அரணாக்கயிற்றை அறுப்பார்கள். பழையது இற்றுப்போனால்கூடப் புதியதைக் கட்டிய பிறகே பழையதை அவிழ்ப்பார்கள். இது காசிவிஸ்வநாதனுக்குத் தெரியாதா? ஒவ்வொரு வெள்ளியும் நெற்றி நிறைய விபூதியோடு கோயிலில் நிற்கிறவர்.

தம்பி மறுக்கவில்லை. "ஒரு கயிறு கட்டிக்கிட்டு இத அவுத்துடறேன் சார். ஒரு நிமிஷம்," என்றான்.

கயிற்றுக்கு எங்கே போவது? என் கழுத்தில் வாரியம் கொடுத்த நுழைவு அட்டை தொங்கியது. அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு நாடாவை அவனிடம் நீட்டினேன். துண்டுக்குள்ளேயே அதை இடுப்பில் முடிந்துகொண்டு வெள்ளியை அவிழ்த்து என் கையில் கொடுத்தான். மறுபடியும் ஏறினான். எல்லைக்குக் கீழே நின்றது முள். அங்கே இருந்த எல்லாரும் பார்த்தார்கள். நான் மூச்சு விட்டேன்.

"முதல் எடைதான் எடை," என்றார் காசிவிஸ்வநாதன்.

"சார், கூட இருந்தா ரெண்டு மணி நேரம் டைம் குடுப்பீங்களே," என்றேன்.

"ரூல் மாத்தியாச்சும்மா. போன வாரம் வாட்ஸ்அப் குரூப்ல போட்டோமே."

"அந்தக் குரூப்ல எங்கள சேக்கவே இல்லயே."

"அது ரூபேந்திரன்கிட்ட கேளுங்க லா. அவர்தான் அட்மின்."

ரூபேந்திரன் சுவரோரம் நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை. எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நாட்டின் பட்டத்துக்கான சட்டத்தை வாட்ஸ்அப்பில் மாற்றுகிறார்கள், மாற்றியது யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை மைத்துனர் முடிவு செய்கிறார். வாய்க்கு வந்ததை எல்லாம் கேட்டேன். சிலவற்றை இங்கே எழுத முடியாது.

காசிவிஸ்வநாதன் பொறுமையாக விளக்கினார். சண்டை நடக்கும், ஏனென்றால் டிக்கெட் விற்றாகிவிட்டது. ஆனால் எடை தவறியவனுக்குப் பட்டம் கிடையாது. அஷ்வின் ஜெயித்தால் அஷ்வின் சாம்பியன். யுகேந்திரன் ஜெயித்தால் பட்டம் கொசோங்காகவே இருக்கும்.

வெளியே வந்ததும் தம்பி வெள்ளிக்கொடியை மறுபடி கட்டிக்கொண்டு நாடாவை என்னிடம் கொடுத்தான். அதைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

"வா, வீட்டுக்குப் போலாம். அவனுங்களே அடிச்சிக்கட்டும்," என்றேன்.

"நான் போனா வேற யாரையாச்சும் நிறுத்துவாங்கக்கா. அஷ்வின் அவன அடிச்சிட்டு பெல்ட்ட வாங்கிடுவான்."

"நீ ஜெயிச்சா மட்டும் ஒனக்கு என்னடா கெடைக்கும்? ஒன்னுமில்ல."

"அவனுங்களுக்கும் ஒன்னும் கெடைக்காதுல்ல," என்றான்.

அவன் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சத்தம் இல்லாத கோபம்.

மறுநாள் மாலை மண்டபம் நிறைந்திருந்தது. பண்டார் தெங்காராவிலிருந்தும் செடெனாக்கிலிருந்தும் வேன் பிடித்து வந்திருந்தார்கள், எல்லாரும் தம்பியைப் பார்க்க வந்தவர்கள். அவன் ஜெயித்தாலும் பட்டம் இல்லை என்பதை யாருக்கும் அறிவிக்கவில்லை. மேசைமேல் பச்சை பெல்ட் பளபளத்தது.

முதல் இரண்டு சுற்றும் தம்பி பொறுமையாகத்தான் விளையாடினான். மூன்றாவதில் அஷ்வினின் தலை அவன் புருவத்தில் மோதியது. தோல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. தலை மோதியதை மூன்றாம் வரிசையில் இருந்தவர்கூடப் பார்த்தார். நடுவர் மட்டும் முஷ்டியை உயர்த்திக் காட்டினார், குத்தினால் வந்த காயமாம். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தலை மோதி வந்த காயத்துக்காகச் சண்டையை நிறுத்தினால் தோல்வி கிடையாது. குத்தில் வந்த காயத்துக்காக நிறுத்தினால் தம்பி தோற்றான், அஷ்வின் சாம்பியன். வாரியம் அனுப்பிய டாக்டர் ஏற்கெனவே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

இனி எல்லாம் என் விரலில்தான் இருந்தது. மணி அடித்து அவன் மூலைக்கு வந்ததும் பஞ்சில் மருந்தைத் தோய்த்துக் காயத்துக்குள் வைத்து அழுத்தினேன். விரலை இம்மியும் எடுக்கவில்லை. கோபத்துக்கு இப்படியும் ஒரு உபயோகம் உண்டு. "நிறுத்த விடாதக்கா," என்றான் தம்பி. டாக்டர் வந்து இமையைத் தூக்கிப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது. இறங்கிப் போனார். அடுத்த சுற்று முடிந்ததும் மறுபடி வந்தார். அதற்கும் அடுத்த சுற்றிலும் வந்தார். மூன்று முறையும் வெறுங்கையோடு அனுப்பினேன்.

ஏழாவது சுற்றில் தம்பி அஷ்வினைக் கயிற்றோரம் தள்ளி, ஈரல் இருக்கும் பக்கம் விலாவுக்குக் கீழே இடது கையால் ஒன்று வைத்தான். அஷ்வின் ஒரு நொடி நின்றான். பிறகு முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். நடுவர் எண்ணிய வேகத்தைப் பார்த்தால் பத்துக்குள் ஒரு தூக்கம் போட்டுவிடலாம். அப்படி எண்ணியும் அஷ்வினால் எழ முடியவில்லை. தீர்ப்பாளர்கள் பேனாவை மூடி வைத்தார்கள். அவர்களுக்கு அதற்குமேல் வேலை இருக்கவில்லை.

மண்டபமே எழுந்து நின்றது. அறிவிப்பாளர் தம்பியின் பெயரைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, பட்டம் தொடர்ந்து கொசோங் என்றார். கூட்டத்துக்குப் புரியவில்லை. செடெனாக் வேனில் வந்த ஒரு பெரியவர், "என்னா லா கொசோங்? ஆளு அங்க நிக்கறான்," என்று கத்தினார். பிறகு தண்ணீர்ப் போத்தல்கள் பறந்தன. ரூபேந்திரன் பெல்ட்டைப் பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தார். தம்பி அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு கையெட்டும் தூரம்தான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

உடை மாற்றும் அறைக்குக் காசிவிஸ்வநாதன் வந்தார். சிரித்த முகமாகத்தான் வந்தார், அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

"நல்லா விளையாடுனீங்க தம்பி. அடுத்த ஷோவுல எடைய சரியாப் போட்டுட்டு வாங்க. ரூபேந்திரன்கிட்ட ஒரு சைன் போட்டுட்டீங்கன்னா எல்லாம் சுலபமா முடிஞ்சிடும்."

தம்பி முகத்திலிருந்து ஐஸ் பையை எடுத்தான். "இப்ப சாம்பியன் யாரு சார்?"

"யாருமில்ல."

"அப்ப அப்படியே இருக்கட்டும். நீங்க யார வேணும்னாலும் நிறுத்துங்க, நான் வர்றேன். எடை கூடத்தான் வருவேன். ஜெயிச்சா எனக்கு வேணாம். ஆனா உங்க ஆளுக்கும் போவாது."

காசிவிஸ்வநாதன் அது வீம்பு என்று நினைத்தார். நானும்தான் நினைத்தேன். அவன் சொன்னதைச் செய்தான். வாரியம் முதலில் அவனை ஒதுக்கிப் பார்த்தது. அவன் இல்லாமல் அறிவித்த பட்டச் சண்டைக்கு டிக்கெட் போகவில்லை. கூலாய் மண்டபத்தில் நாற்காலிகள்தான் உட்கார்ந்திருந்தன, கடைசியில் சண்டையையே ரத்து செய்தார்கள். வேறு வழியில்லாமல் ரூபேந்திரனே கூப்பிட்டார். தம்பி இரண்டு கிலோ கூடுதலாகத் தராசில் ஏறினான். சம்பளத்தில் அபராதம் பிடித்தார்கள், பிடித்துக்கொள்ளட்டும் என்றான். எதிராளியை ஐந்தாவது சுற்றில் உட்கார வைத்தான். பட்டம் கொசோங். இன்னும் நான்கு மாதம் கழித்து இன்னொருவன், கோலாலம்பூரிலிருந்து இறக்கிய ஆள். அவனும் போனான். பட்டம் கொசோங். அறிவிப்பாளர் அதைச் சொல்லும்போது இப்போது கூட்டம் சிரிக்கிறது. சாம்பியன் இல்லாத பிரிவுக்கு விளம்பரதாரர்கள் யாரும் வருவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் போன் அடித்தது. காசிவிஸ்வநாதன்.

"லோஷினிம்மா, தம்பிகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. இந்தத் தடவ எடையக் கொறச்சிட்டு வரட்டும், போதும். ரெண்டு மணி நேரம் இல்ல, ரெண்டு நாள்கூட டைம் குடுக்கறோம். சைன்கூட வேணாம். பட்டம் அவருக்குத்தான், நான் கேரண்டி."

சண்டை நடக்கும் முன்னமே பட்டத்துக்கு கேரண்டி கொடுக்கிறார். அந்த மனிதருக்குத் தான் என்ன சொல்கிறோம் என்பதுகூட உறைக்கவில்லை. ஆனாலும் என் நெஞ்சு ஒரு முறை குதித்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். அவன் கேட்டதெல்லாம் அந்த ஒரு சொல்தானே. போனைக் கையால் பொத்திக்கொண்டு தம்பியிடம் சொன்னேன்.

அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். இலையில் சோறு, நடுவில் ஆட்டிறைச்சிப் பிரட்டல், ஓரத்தில் ஊறுகாய். நான் சொன்னதை முழுதாகக் கேட்டான். பிறகு எலும்பு ஒன்றை எடுத்து உறிஞ்சினான்.

"சாப்புட்டுக்கிட்டு இருக்கேன்னு சொல்லுக்கா," என்றான்.

அப்படியே சொன்னேன். அம்மா இன்னொரு கரண்டி இறைச்சி எடுத்து வந்து அவன் இலையில் போட்டார்.