ஓலிட்டாவின் துருப் பக்குவம்

டோர்ஸி ஸ்லோன் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து கரிமுகத்தோடு வந்து குளியலறைக் கதவைத் திறந்தால், தொட்டிக்கு மேலே கயிற்றில் ஒரு துப்பாக்கிக் குழல் தொங்கிக்கொண்டிருக்கும். தொட்டி நிறைய ஆவி பறக்கும் வெந்நீர். அது அவனுக்கல்ல, குழலுக்கு.

"ஓலிட்டா! நான் எங்கடி குளிக்கிறது?"

"ஓடையில தண்ணி ஓடுதுல்ல? குழலத் தொட்டுறாத. உன் கைப்பிசுக்கு பட்டா அந்த எடத்துல துரு ஏறாது."

துப்பாக்கியில் துரு ஏறிவிடக் கூடாதென்று ஊரே எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்க, ஓலிட்டா மட்டும் வேண்டி விரும்பித் துரு ஏற்றுவாள். அவள் செய்தது குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கிட்டிக்கிற பழங்காலத்து நீளத் துப்பாக்கி. அதன் குழல் வெள்ளையாகப் பளபளத்தால் அது துப்பாக்கி இல்லை, தண்ணீர்க் குழாய். திராவகம் தடவி, ஈர ஆவியில் தொங்கவிட்டு, பூத்த துருவை முரட்டுத் துணியால் தேய்த்து, மறுபடி தடவி, மறுபடி தேய்த்து, பழுத்த பிளம் பழத்தின் நிறம் வரும்வரை அவள் விடமாட்டாள். டோர்ஸி ஓடையில்தான் குளித்தான்.

இத்தனைக்கும் இந்தப் பைத்தியத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவனே அவன்தான். நாட்டின் இருநூறாவது பிறந்தநாள் நெருங்கிய சமயம். கென்டக்கி மலைப் பக்கத்து ஆண்களெல்லாம் திடீரென்று வால் தொங்கும் தொப்பியும் மான்தோல் சட்டையுமாகக் கிளம்பியிருந்தார்கள். டோர்ஸியும் தபாலில் ஒரு துப்பாக்கிக்கான சாமான்களை வரவழைத்து, சமையல் மேசையில் பரப்பி, துளை போட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறொரு இடத்தில் போட்டான். துப்பாக்கிக் கட்டையோடு சேர்ந்து மேசையிலும் துளை விழுந்தது. அவன் சாமான்களைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வால் தொப்பியை மட்டும் வைத்துக்கொண்டான். ஓலிட்டா அவற்றை இழுத்து வெளியே எடுத்தாள்.

அவள் முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டி, சுருட்டி, சாயம் போட்டுப் பிழைப்பவள். சாயம் எவ்வளவு நேரம் ஊற வேண்டும், சூடு எப்போது போதும் என்பது அவள் விரல்களுக்குத் தெரியும். மேப்பிள் கட்டைக்குத் திராவகச் சாயம் பூசியதும் அது பாசி பிடித்த கல் மாதிரிப் பச்சையாகி நின்றது. டோர்ஸி "போச்சு" என்றான். அவள் அதை அடுப்புச் சூட்டில் காட்டினாள். பச்சை விலகிச் செம்பழுப்பு எழும்ப, கட்டையின் உள்ளே இருந்த சுருள் கோடுகள் புலி முதுகுபோல வரிவரியாக வெளியே வந்தன. குழலைக் கட்டையில் பதிக்க மற்றவர்கள் விளக்குக் கரியைத் தடவி, கரி ஒட்டுகிற இடத்தைச் செதுக்குவார்கள். ஓலிட்டாவிடம் வாடிக்கைக்காரிகள் மறந்துவிட்டுப் போன உதட்டுச் சாயக் குச்சிகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. ரோஜா நிறம் மரத்தில் நன்றாகத் தெரியும். அவள் செதுக்குகிற கட்டைகளைப் பார்த்தால் யாரோ ஒருத்தி துப்பாக்கிக்கு முத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தமாதிரி இருக்கும்.

அப்புறம் வருஷா வருஷம் செப்டம்பரில் லாரல் ஃபோர்க் மைதானத்தில் நடக்கும் சுடும் போட்டியில், குறி தவறாதவனுக்கு ஒரு பரிசும் அழகான துப்பாக்கிக்கு ஒரு பரிசும் தருவார்கள். இரண்டுக்கும் உப்பிட்டுப் புகைபோட்ட முழுப் பன்றித் தொடை. அழகுக்கான தொடை ஓலிட்டா வீட்டு உத்தரத்தில்தான் தொங்கும். இது அவளுடைய தங்கை நோலாவின் புருஷன் வெர்லினுக்கு வயிற்றெரிச்சல்.

வெர்லின் சைஸ்மோர் தீவனக் கடை வைத்திருந்தான். அவனும் தன் வீட்டு நிலவறையில் துப்பாக்கி செய்பவன்தான். கட்டை வேலை மோசமில்லை. குழலுக்குத் துரு ஏற்றத்தான் வரவில்லை. ஒவ்வொரு முறையும் சொறிநாய் மாதிரித் திட்டுத்திட்டாக வரும். ஓலிட்டாவின் பக்குவத்தைத் தெரிந்துகொள்ள அவன் செய்யாத தில்லுமுல்லு இல்லை. முடி சுருட்டுகிற சாக்கில் நோலாவை அனுப்பினான். அவள் தலையில் உருளைகளோடு குளியலறைக்குள் போய் மோப்பம் பிடித்துவிட்டு வந்து, "ஏதோ நாத்தமா இருக்குங்க" என்று மட்டும் சொன்னாள். அது டோர்ஸியின் பூட்ஸ்.

கடைசியில் ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், கோழிக்கறி சாப்பிட்டு முடித்த கையோடு வெர்லின் நேரடியாகவே கேட்டான்.

"மதினி, சும்மா சொல்லுங்க. அந்தக் குழல்ல என்னத்தத் தடவுறீங்க?"

ஓலிட்டா தட்டுகளை அடுக்கினாள். கடையில் விற்கிற புட்டி மருந்துதான். அவள் செய்ததெல்லாம் அவசரப்படாமல் இருந்ததுதான். அதைச் சொன்னால் அவன் நம்பப் போவதில்லை. நம்புகிறமாதிரி ஒன்றைச் சொன்னால்தான் என்ன?

"சொன்னா சிரிப்பே."

"சத்தியமா சிரிக்க மாட்டேன்."

அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மூத்திரம்."

வெர்லின் சிரிக்கவில்லை. "கேள்விப்பட்டிருக்கேன். அந்தக் காலத்துல அப்படித்தான் செய்வாங்களாம். நானும் ஒரு தடவ என்னோடத வெச்சுப் பாத்தேன், மதினி. சரியா வரல."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. சிரிப்பை அடக்கத் தட்டுத் துணியால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்படி வரும்? நீ பீர் குடிக்கிறவன், பொய் சொல்றவன். அது சுத்தமான ஆளோடதா இருக்கணும். சாராயம், புகையில, கெட்ட வார்த்த ஒண்ணும் கிட்ட வரக் கூடாது. காலையில மொத மொத வர்றது."

"அப்படி யாரு இருக்கா இந்த ஊர்ல?"

"நம்ம பிரதர் எஸ்டில் இல்லயா?"

எஸ்டில் ரிச்சி அந்த ஓடைக்கரைச் சபையின் போதகர். சம்பளம் வாங்காமல் பிரசங்கம் செய்து, சொந்தக் கையால் சோளமும் புகையிலையும் பயிரிட்டுப் பிழைக்கிற, நெடுநெடுவென்ற மனிதர். வெர்லின் முகம் வெளுத்தது.

"நீங்க போய்... அவருகிட்ட கேட்டீங்களா?"

"பின்ன தானா நடந்து வருமா? பரிசுத்தவான் கேட்டா குடுத்துட்டுப் போறாரு."

அவன் போன பிறகு ஓலிட்டா சமையலறைத் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். டோர்ஸி, "பாவம்டி, அவன் போயிருவான்" என்றான். "போனா போகட்டும்" என்றாள்.

வெர்லின் போனான். போதகரிடம் உண்மையைச் சொல்லத் தைரியமில்லாமல், ஊர் ஆட்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு டாக்டர் சோதிக்கிறார், தீவனக் கடையில் சேகரித்துக் கொடுக்கிறோம் என்று அளந்துவிட்டு, ஊறுகாய் ஜாடி ஒன்றை வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்தான். மறுநாள் ஜாடி நிரம்பி அதே வாசலில் இருந்தது. இதையெல்லாம் நோலா தொலைபேசியில் சொல்லச் சொல்ல, ஓலிட்டா சுருட்டுகிற மருந்தைக் கழுவ மறந்து, ஒரு வாடிக்கைக்காரியின் முடி செம்மறியாட்டுக் குட்டிபோல ஆகிவிட்டது.

செப்டம்பர் வந்தது. மைதானத்தில் வண்டிகளும் வறுத்த மீன் வாசமும் மருந்துப் புகையும். துப்பாக்கிகளை நீள மேசையில் கம்பளி விரித்து வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஓலிட்டா தன்னுடையதைக் கிடத்திவிட்டு நிமிர்ந்தாள். பக்கத்தில் வெர்லினுடையது.

குழல் முழுக்க ஒரே சீராக, பழுப்புக்குள் ஊதா ஒளிந்திருக்க, வெயில் பட்டால் வெல்வெட்டைத் தடவின மாதிரி இருந்தது. அவள் ஆயுசுக்கும் அப்படி ஒரு நிறத்தைக் கொண்டுவந்ததில்லை. கிட்டே போய் மூக்கை வைத்து முகர்ந்தே பார்த்தாள். எண்ணெய் வாசம்தான்.

பன்றித் தொடை வெர்லினுக்குப் போனது. அவன் அதைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு நேரே அவளிடம் வந்து, கண் கலங்க, "எல்லாம் உங்க புண்ணியம், மதினி. நீங்க நெனச்சிருந்தா மறைச்சிருக்கலாம்" என்றான்.

அடிக்கிறவனைச் சமாளிக்கலாம். நன்றி சொல்கிறவனை என்ன செய்ய? டோர்ஸி தோள் குலுங்க அப்பால் திரும்பி நின்றான். வீடு போகும்வரை வண்டி அவன் சிரிப்பில் ஆடிக்கொண்டே போனது.

ஒரு வாரம் ஓலிட்டாவுக்குச் சோறு இறங்கவில்லை. குளியலறையில் புதுக் குழல் தொங்கியது. புட்டி மருந்தைத் திறந்தாள், மூடினாள். கடைசியில், பீச் பழம் போட்டு வைக்கிற கண்ணாடி ஜாடி ஒன்றைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, போதகர் வீட்டுப் படியேறினாள்.

எஸ்டில் முன்வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். "வாங்க சிஸ்டர் ஓலிட்டா. என்ன விசேஷம்?"

அவள் வானிலையைப் பேசினாள். அவர் மனைவியின் முடியைப் பேசினாள். பேச எதுவும் மிச்சமில்லாமல் போனதும், பையிலிருந்து ஜாடியை எடுத்து அவர் காலடியில் வைத்தாள். முகம் காதுவரை சிவந்துவிட்டது.

போதகர் ஜாடியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஓர் அவரைக்காயை நிதானமாக உரித்தார்.

"உங்களுக்கும் டாக்டரா?"

"இல்ல பிரதர். துப்பாக்கிக்கு." பிறகு மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டினாள். கோழிக்கறி விருந்திலிருந்து பன்றித் தொடைவரை.

எஸ்டில் முழுவதையும் கேட்டார். அவருடைய நீள முகத்தில் ஒரு சதைகூட அசையவில்லை. ஆனால் மடியிலிருந்த கிண்ணம் குலுங்க ஆரம்பித்து, அவரைக்காய்கள் படியில் உருண்டன.

"தீவனக் கடைக்காரன் வந்து சர்க்கர பாக்கறேன்னு சொன்னா நான் நம்பிருவேனா, சிஸ்டர்? என்னமோ விளையாட்டுக் காட்டறான், நாமளும் காட்டுவோம்னுதான் நெனச்சேன்."

"அப்ப அந்த ஜாடியில...?"

அவர் கொட்டகைக்குப் பின்னால் இருந்த மேய்ச்சல் நிலத்தைக் கட்டைவிரலால் காட்டினார். புகையிலைக் கொல்லை உழுகிற அவருடைய கிழட்டுக் கோவேறு கழுதை ஹேட்டி அங்கே வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"ஹேட்டியோடதா?"

"சாராயம் குடிக்க மாட்டா. கெட்ட வார்த்தையும் கெடயாது" என்றார் போதகர்.

ஓலிட்டா ஜாடியை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினாள். ஹேட்டி அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றது. ஓலிட்டாவும் தள்ளிப் போனாள். போதகர் வேலியில் சாய்ந்துகொண்டு, "பின்னால நிக்காதீங்க, ஒதப்பா. பக்கவாட்டுல. விசில் அடிங்க, சில நேரம் பலிக்கும்" என்று சொல்லிக்கொடுத்தார். ஓலிட்டா விசிலடித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் விசிலடிக்கத் தெரியாது. அதையே அடித்தாள்.

அப்போதுதான் மேட்டில் தீவனக் கடை வண்டி வந்து நின்றது. வெர்லின் இறங்கினான். அவன் கக்கத்தில் ஊறுகாய் ஜாடி. அடுத்த துப்பாக்கிக்கு.

அவன் வேலியண்டை வந்து, போதகரைப் பார்த்து, கழுதையைப் பார்த்து, குனிந்து ஜாடியை நீட்டிக்கொண்டு விசிலடிக்கிற மதினியைப் பார்த்தான். பிறகு அவன் கழுத்திலிருந்து மேலே மெல்ல மெல்லச் சிவப்பேறியது.

"மதினி," என்றான், "போன தடவ நான் வாங்கிட்டுப் போனது..."

"ஆமாப்பா."

"நீங்க சொன்ன பக்குவம்..."

"பொய்."

"என் குழல நான் ஊர்ல எல்லார்கிட்டயும் பிரதர் ஆசீர்வாதம்னு சொல்லிருக்கேனே! எங்கம்மாவ விட்டு அதுக்கு முத்தங்கொடுக்க வேற வெச்சேன்!"

போதகர் வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டார். ஓலிட்டாவுக்குச் சிரிக்கவும் பயம், சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. "வெர்லின், கேளு. நீ இத வெளிய சொன்னா உன் மானம் போகும். நான் சொன்னா என் மானம் போகும். பேசாம வேலியத் தாண்டி இந்தப் பக்கம் வா. அவ எந்தப் பக்கம் திரும்புறான்னு எனக்கு ஒரு ஆளு வேணும்."

வெர்லின் ஜாடியின் மூடியைத் திருகிக் கழற்றினான்.

"பாதிப் பாதி?"

"பாதிப் பாதி."

அவன் வேலியைத் தாண்டிக் குதித்த சத்தத்தில் ஹேட்டி மிரண்டு கால்களை அகட்டியது. "இப்ப! இப்ப!" என்று போதகர் கத்த, இரண்டு பேரும் ஜாடிகளை நீட்டிக்கொண்டு ஓடினார்கள்.