முதன்முதலாக வீட்டில் நான் ஆக்கிய கோழிச்சோறு

வளைகுடாவில் நான் சமையல்காரனாக இருந்தவன் இல்லை. ஏசி மெக்கானிக். ஆனால் ஓர் அறையில் எட்டுப் பேர் இருந்தோம். முறை வைத்துச் சமைப்போம். இரண்டாம் வருடத்திலேயே மற்ற ஏழு பேரும் தங்கள் முறையை என்னிடம் தள்ளிவிட்டு, பாத்திரம் கழுவுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தத் தெம்பில்தான், ஒரேயடியாக ஊர் திரும்பிய மூன்றாம் வாரம், "இன்னிக்கு ராத்திரி சோறு நான் ஆக்குறேன்" என்று வீட்டில் சொன்னேன்.

மனைவி நம்பவில்லை. பதினொரு வருடமாக போனில் நான் சொன்ன சமையல் கதைகளை எல்லாம் அவள் வெறும் பீற்றல் என்றே நினைத்திருந்தாள். அன்று பார்த்து தருமபுரத்திலிருந்து அவள் தாயாரும் வந்திருந்தார்.

"அம்மா இருக்காங்க, வெளையாடாதீங்க."

"மாமிக்கும் சேத்துத்தான்" என்றேன்.

உள்ளே போன பிறகுதான் என் வீட்டு அடுப்பங்கரை எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. அந்த அறையில் கண்ணை மூடிக்கொண்டு மிளகாய்த்தூளை எடுப்பேன். இங்கே ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தேன். சீரகம் தேடினால் சோம்பு வந்தது. மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது டப்பாவில் இறங்கிவந்து கேட்டேன்.

"மேல் தட்டுல, எடது பக்கம்" என்றாள். கேலி செய்யவில்லை.

அதன் பிறகு என் கை நிற்கவில்லை. கோழித் தொடைகளைக் கீறி, பூண்டு, மிளகு, மிளகாய்த்தூள், வறுத்த சீரகம், எலுமிச்சைச் சாறு எல்லாம் தடவி ஊறவைத்தேன். சட்டியில் சிவக்கப் புரட்டி, தண்ணீர் விட்டு வேகவைத்து எடுத்தேன். அந்தச் சாற்றிலேயே சீரகச்சம்பா அரிசியைப் போட்டேன். அரிசி வேகும்போது, வெந்த கோழியைத் தனியே வாணலியில் போட்டு, கொண்டுவந்திருந்த பேரீச்சம்பழப் பாகை ஊற்றினேன்.

மாமி எட்டிப் பார்த்தார். "கோழிக்கா பாகு? பணியாரமா சுடுறீங்க, மாப்புள?"

"கொஞ்சம் பொறுங்க, மாமி."

பாகு கணத்தில் கருகிவிடும். அந்த இடத்தில் மட்டும் நான் யாரோடும் பேசுவதில்லை. துண்டுகள் கருஞ்சிவப்பாகி மினுங்கியதும் சோற்றின் மேல் அடுக்கினேன். சாம்பிராணி போட வைத்திருந்த கரியில் ஒரு துண்டைத் தணலாக்கி, சின்னக் கிண்ணத்தில் வைத்து நடுவில் இறக்கி, ஒரு கரண்டி நெய் விட்டு மூடினேன். விளிம்பெல்லாம் புகை கசிந்தது.

மனைவி ஓடிவந்தாள். "அடிபுடிச்சிருச்சா?" என்று மூடியில் கையை வைத்தாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "தொறக்காத. பத்து நிமிஷம்."

இரண்டு பேரும் மூடியைப் பார்த்தபடி நின்றோம். அவள் மெதுவாகச் சொன்னாள். "நீங்க இங்கயே வந்துட்டீங்கன்னதும் பயந்துட்டேங்க."

"எதுக்கு? ஏசி எந்த ஊர்லதான் ரிப்பேர் ஆகாது?"

"அது இல்லீங்க. நாள் பூரா வீட்டுல உக்காந்துக்கிட்டு என்னைய வெரட்டுவீங்களோன்னுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினொரு வருடம் இந்த வீட்டை ஒற்றை ஆளாக நடத்தியவள். அவள் பயம் நியாயமானது என்று பிறகு தோன்றியது. ஆனால் அப்போது மூடியைத் திறக்கும் நேரமாகிவிட்டது.

மாமி ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். "உப்பு ஒரு கல்லு கொறச்சல்" என்றார். உண்மைதான், எழுந்துபோய் உப்பு எடுத்து வந்தேன். அதற்குள் அவர் இரண்டாவது தொடையைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். பாகின் இனிப்பு முதலில் நாக்கில் தட்டும், பிறகு மிளகு, தொண்டையில் இறங்கும்போது புகை. அன்று எல்லாமே சரியாக அமைந்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு யாரும் தேவைப்படவில்லை.

"வர்ற வெள்ளிக்கெழம என் பெரிய மகளையும் அழைச்சிட்டு வர்றேன், மாப்புள. கூடுதலா ஆக்குங்க."

"அப்படின்னா கறி நான்தான் வாங்குவேன்" என்றாள் மனைவி, சட்டியின் அடிச்சோற்றைத் தன் தட்டுக்குச் சுரண்டியபடி. "இவங்களுக்குக் கடையில பாத்து வாங்கத் தெரியல. பாதி எலும்பு."

"சரி, நீயே வாங்கு" என்றேன்.