இருபது கிலோ பிடி

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. சாப்பிட்டாச்சா? இல்லையென்றால் முதலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இதைக் கேட்ட பிறகு சோறு இறங்காது. அப்புறம் கிழவி கெடுத்துவிட்டாள் என்று என்னைத் திட்டக் கூடாது.

கதை என்று சொல்கிறேனே தவிர, இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. இந்தக் கையால் தொட்டது. ராத்திரியில்கூட இல்லை. பட்டப்பகலில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. கைகால் விழுந்தவர்களைத் திரும்ப நடக்கவைக்க, சட்டைப் பொத்தானைத் தானே போடவைக்கப் பயிற்சி தரும் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி கல்லூரி ஒன்றில் வேலை. கீழே சிகிச்சைக் கூடம், நோயாளிகள் தங்கும் வார்டு. மாடியில் உடற்கூறு வகுப்பு. அங்கே ஆறு இரும்பு மேஜை, ஆறு பிணம். படிப்புக்கென்று கொடுக்கப்பட்ட உடம்புகள். அவற்றை ஈரத்துணியால் மூடுவது, மேஜைக்கு அடியில் சொட்டி நிறைந்த வாளியைக் கொட்டுவது, கழுவும் தொட்டியின் சல்லடையில் சிக்கிய கொழுப்பை வழித்தெடுப்பது எல்லாம் நான்தான்.

அந்தக் கொழுப்பு இருக்கிறதே... மஞ்சளாக, வழவழவென்று. கையுறையையும் தாண்டி நகக்கண்ணில் ஏறிக்கொள்ளும். எத்தனை சோப்பு போட்டாலும் பிசுபிசுப்பு போகாது. இதைவிடக் கேவலம் ஒன்று சொல்லவா? பிணம் கெடாமலிருக்கப் போடும் மருந்து வாடை பசியைக் கிளப்பும். பிணத்தைத் துடைக்கத் துடைக்க வயிறு சோறு கேட்கும். பிணத்தைவிட அந்த வயிற்றை நினைத்தால்தான் எனக்குக் குமட்டும்.

பிறகு ஏன் அங்கே இருந்தாய் என்பீர்கள். என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஊழியர் குடும்பம் என்று கீழே அவருக்கு இலவசமாகப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த மாதம்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். என் வேலை போனால் அவர் நிற்பதும் போச்சு.

வகுப்பெடுத்தவரைப் பசங்க 'எலும்பு சார்' என்பார்கள். ஆளும் அப்படித்தான். "உன் கையில புரியாதது பொணத்துல புரியாது" என்பார். பிடி மீட்டர் என்று ஒரு கருவி. கைப்பிடியை அழுத்தினால் எத்தனை கிலோ வலு என்று காட்டும். கையை விட்டாலும் அதில் சிவப்பு முள் எட்டிய இடத்திலேயே நிற்கும், நாம்தான் திருப்பி வைக்க வேண்டும். பசங்க முதலில் வெறுங்கையால் அதை அழுத்திப் பார்க்கணும். பிறகு கையுறை போட்டு, அழுத்தியது எந்தத் தசை என்று பிணத்தில் காட்டணும். மீட்டர் கீழே நோயாளிகளுக்கும் போவது. கையுறைக் கை அதில் படவே கூடாது.

ஒரு திங்கட்கிழமை. நாலாம் மேஜையில் வயதான அம்மா ஒருத்தி. அன்றைக்கு அவள் வலது கையில், விரலை மடக்கும் தசைகளை மணிக்கட்டில் வெட்டி, முழங்கைப் பக்கம் மடித்துப் போட்டார்கள். கயிறு அறுந்த பொம்மைக் கை அது. ஒரு மணிக்கு மீட்டரை ஜன்னலோர அலமாரியில் வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, அறையைப் பூட்டினேன்.

இரண்டு மணிக்குத் திறந்தேன். முள் பதினொன்றில் இருந்தது. கைப்பிடியெல்லாம் மஞ்சள் பிசுக்கு.

செவ்வாய், பதின்மூன்று. மீட்டர் அலமாரியில் இல்லை, நாலாம் மேஜையின் ஓரத்தில் இருந்தது. புதன், பதினாறு. ஈரத்துணிக்குள் பாதி செருகியிருந்தது. சீட்டில் குறித்து வைத்துக்கொண்டு சாரிடம் போனேன்.

"சாவி உங்ககிட்டதானே இருக்கு அக்கா?"

"ஆமா சார். பசங்கதான் எப்படியோ உள்ள வந்து விளையாட்டா..."

"பேஷன்ட் கையில போற சாமான்ல பொணத்துக் கொழுப்பு. இது விளையாட்டா? இன்னொரு தடவை நடந்தா பசங்களைக் கேக்க மாட்டேன். உங்களை அனுப்பிடுவேன்."

வீட்டுக்காரர் கம்பியைப் பிடித்து நின்றது கண்ணுக்குள் வந்தது. சரி, எந்த வாலு வருகிறது பார்த்துவிடலாம் என்று வியாழக்கிழமை உள்ளேயே உட்கார்ந்து பூட்டிக்கொண்டேன். மடியில் டிபன் டப்பா. கண் அலமாரி மேல்.

ஒன்று பத்து. வாளியில் சொட்டுச் சத்தம். சொட்... சொட்...

ஒன்று இருபத்திரண்டு. சொட்டு நின்றது.

ஒன்று முப்பத்தொன்று. பசி. பாழாய்ப்போன பசி. டப்பாவைத் திறந்து குனிந்து ஒரு வாய் வைத்தேன். நிமிர்ந்தேன்.

அலமாரியில் மீட்டர் இல்லை.

கதவு பூட்டித்தான் இருந்தது. சாவி என் இடுப்பில்.

கிரீச்... என்று ஒரு ஸ்பிரிங் சத்தம்.

நாலாம் மேஜையில் துணி லேசாக எழும்பியது. கால் அதுவாகவே அங்கே போனது. துணியை விலக்கினேன்.

வலது கை மீட்டரைப் பிடித்திருந்தது.

வெட்டிய தசைகள் முழங்கையில் மடிந்தபடியே கிடந்தன. இழுக்க ஒன்றுமே இல்லாத விரல்கள்... இறுகிக்கொண்டிருந்தன. அழுத்த அழுத்த நகத்தடியிலிருந்து பிசுக்கு பிதுங்கி வழிந்தது.

முள் பதினேழு.

மூச்சைப் பிடித்து முக்கும் சத்தம். என் வீட்டுக்காரர் எழுந்து நிற்கும்போது முக்குவாரே... அதே சத்தம்.

பதினெட்டு.

பத்தொன்பது...

இருபது.

சத்தம் நின்றது.

எவ்வளவு நேரம் நின்றேனோ, ஒன்று நாற்பதுக்கு சார் ஆபீஸிலிருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தார். என்னைத் திட்ட வாயைத் திறந்தவர் அந்தக் கையைப் பார்த்தார். நேரே மேஜைக்கு வந்தார்.

"பிடிங்க" என்றார்.

விரல் விரலாகப் பிரித்தோம். கையுறை போடத் தோன்றவில்லை. சோற்றுக் கை, கண்ணுகளா... சோற்றுக் கையாலேயே பிரித்தேன். சுண்டுவிரல் கோணலாக இருந்தது. அதன் தோல் உரிந்து என் விரலில் இருந்த சோற்றுப் பருக்கையோடு ஒட்டிக்கொண்டது.

வேலையைப் பற்றி சார் அதன்பின் பேசவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழேயிருந்து கை டீச்சர் மீட்டரை வாங்க வந்தாள். விழுந்த கைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் சின்னப் பெண். என் சீட்டைப் பார்த்தாள்.

"பதினொண்ணு, பதின்மூணு, பதினாறு... இது யாரோட கணக்கு பெரியம்மா?"

நாலாம் மேஜையைக் கைகாட்டினேன்.

"நாலாம் மேஜை அம்மாவுக்குச் சுண்டுவிரல் கோணலா?"

தலையாட்டினேன். அவள் இறங்கிப் போய் ஒரு பழைய கார்டைக் கொண்டுவந்தாள். வலது கைப் பிடி. திங்கள் பதினொன்று. செவ்வாய் பதின்மூன்று. புதன் பதினாறு. வியாழன் காலி.

"மூணு மாசம் முன்னாடி, அந்தப் புதன் ராத்திரி வார்டுலயே போயிட்டாங்க. மகன் உடம்பை இங்கேயே குடுத்துட்டார். தினமும் எப்ப வீட்டுக்குன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க..."

கார்டின் அடியில் அவள் கையெழுத்து: 'இலக்கு இருபது கிலோ. எட்டினால் வீட்டுக்கு அனுப்பலாம்.'

"நேத்து இருபது வந்துது. எழுதிடும்மா" என்றேன். அதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் அழுதுகொண்டே வியாழனில் இருபது போட்டாள். அடியில், 'வீட்டுக்குப் போகலாம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

அதன்பிறகு மீட்டர் அசையவில்லை. உடம்பு மேஜையிலேயேதான் கிடந்தது, கடைசி வகுப்பு வரை. அந்தக் கை மட்டும் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு, மாடி அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடியில் மஞ்சள் பிசுக்கு இருந்தது. நான் துடைத்தேன்.

என் வீட்டுக்காரர் நாலு மாதத்தில் நடந்தே வீட்டுக்கு வந்தார். அது வேறு.

பத்து நாள் கழித்து அந்த அம்மாவின் மகன் ஏதோ கையெழுத்துக்காகக் கல்லூரிக்கு வந்தார். மாடி வராந்தாவில் என்னைத் தாண்டும்போது நின்றார். மூக்கைச் சுளித்தார்.

"இது என்னம்மா வாடை?"

"பொணத்துக்குப் போடுற மருந்துங்க."

அவர் முகம் வெளுத்தது.

"எங்க வீட்டு வாசக்கதவுக் கைப்பிடியில இதே வாடை. பிசுபிசுன்னு... எத்தனை துடைச்சாலும் வருது. போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி மத்தியானத்துலேருந்து."

அந்த வாடை வாசலோடு நிற்கிறதா, இப்போது வீட்டுக்குள்ளும் வருகிறதா என்று நான் கேட்கவில்லை.

போங்கள் கண்ணுகளா, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு படுங்கள். உங்கள் வீட்டில் படுத்தவர்கள் எழுந்து நடக்கட்டும். வெளியே போனவர்கள் உயிரோடு திரும்பட்டும். உங்கள் வாசக்கதவைச் சூடுள்ள கைகள் மட்டுமே திறக்கட்டும்.