மூட்டையில் வந்த கண்ணாடிகள்

கடைத்தெருவில் கணவரோடு மூக்குக் கண்ணாடிக் கடை நடத்திவந்தவளை எல்லோரும் கண்ணாடி அக்கா என்றே கூப்பிட்டார்கள். நிலநடுக்கம் வந்த காலையில் அந்தக் கடை அப்படியே உட்கார்ந்துவிட்டது. உள்ளே சிக்கிய கணவரை, எதிர்க்கடைப் பூட்டுக்காரரும் முன்பின் தெரியாத சிலரும் வெறுங்கையால் செங்கல்லை அள்ளிப்போட்டு வெளியே எடுத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த மருத்துவக் குழு அவர் காலுக்கு மாவுக்கட்டு போட்டது.

"ஆள் கெடச்சாரே, அது போதும்" என்று அக்கா அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பிறகு மைதானத்தில் கூடார வாழ்க்கை. சோறு வந்தது, கம்பளி வந்தது. ஆனால் உயிர் தப்பினால் போதும் என்று ஓடியவர்களில் யார் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்? மாத்திரை அட்டையில் இருப்பதைப் படிக்க முடியாமல் ஒவ்வொருவராக அக்காவிடம் வந்தார்கள். தையல்காரர் ஊசியில் நூல் கோக்க முடியாமல் கிழிந்த கூடாரத்தை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நிவாரண லாரி ஓட்டுநர் அடுத்த நடைக்கு என்ன வேண்டும் என்று விசாரித்தார். அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"உங்க ஊர்ல பழைய கண்ணாடி கெடச்சா கொண்டு வாங்கண்ணே. எந்த பவரா இருந்தாலும் சரி."

"தார்ப்பாய் கேப்பீங்கன்னு நெனச்சேன். சரிம்மா, கேட்டுப் பாக்கறேன்."

பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தாள். அடுத்த முறை லாரியிலிருந்து இரண்டு மூட்டைகள் இறங்கின. ஒவ்வொரு கண்ணாடியும் துணியில் சுற்றியிருந்தது.

"வீடு வீடா வாங்குனேன். சுத்திச் சுத்தியே என் வீட்டம்மாவோட பழைய சேலையெல்லாம் காலி" என்றார் ஓட்டுநர்.

மீட்புக் குழு இடிபாட்டிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்த சோதனை லென்ஸ் பெட்டியை வைத்து, யாருக்கு எது பொருந்தும் என்று அக்கா பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, கூடாரத்தில் தகப்பனாகியிருந்த பஸ் கண்டக்டரும் வந்தார். கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாததால் கைக்குழந்தையின் முகம் அவருக்கு அதுவரை கலங்கலாகவே இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கு என் மாமியாரோடது. பரவாயில்ல, நல்லா இருக்கட்டும்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

இப்போது தகரக் கொட்டகையில் மறுபடி கடை நடக்கிறது. கணவர் கைத்தடியோடு கல்லாவில் உட்காருகிறார். நன்றி சொல்ல வருபவர்களிடம் அக்கா லாரிக்காரரைப் பற்றித்தான் பேசுவாள். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவரும் எட்டிப் பார்ப்பார். டீ குடிக்காமல் அவள் விடமாட்டாள்.