எத்தினி மணிக்கு எறங்குவே?

காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கியவன் நான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. இன்று மூன்று விசைப்படகுகள் என்னுடையவை. சின்ன மகளை நர்ஸ் படிக்க வைத்ததும் நான்தான். கடலில் ஒரு தூரத்தைச் சொன்னால், காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு, எவ்வளவு நேரம், எவ்வளவு டீசல் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவேன்.

அந்த மகளுக்கு அந்தமானுக்கும் கீழே, தென்கோடித் தீவில் வேலை. போன மழைக்காலத்தில் விடுமுறைக்குக் கிளம்பினாள். சின்ன விமானத்தில் போர்ட் பிளேர், அங்கிருந்து மறுநாள் சென்னை. ஏறும் முன் போன் செய்தாள்.

"மேகமா கீது நைனா. ஆனா ஃப்ளைட்ட எடுக்கறாங்களாம்."

என் மனைவி போனை வாங்கி, "எத்தினி மணிக்கு..." என்று ஆரம்பித்தாள். வெடுக்கென்று பிடுங்கி வைத்துவிட்டேன். கடலுக்குப் போகிறவனை எப்போது சேருவாய் என்று எங்கள் வீட்டில் கேட்க மாட்டோம்; கேட்டால் ஆகாது. ஆகாயத்தில் போனாலும் கீழே இருப்பது கடல்தானே?

என் பெரிய மகன் போனில் தட்டிப் பார்த்தான். "ஐந்நூறு கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல நைனா. ஒன்றர மணி நேரம்."

"நம்ம போட்டுக்கு ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுநாளும் கொஞ்சம்" என்றேன். கணக்கு சரி. அவனே ஒப்புக்கொண்டான்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. போன் வரவில்லை. இரண்டு மணி நேரமும் தாண்டியது. கூப்பிட்டால் அணைத்து வைத்திருப்பதாகவே சொன்னது.

"எறங்கி பெட்டிக்கு நின்னுகினு இருப்பா" என்றான் பெரியவன். அவன் குரலே அவனை நம்பவில்லை.

என் படகு நாள் கடந்து வராமல் போனதுண்டு. இஞ்சின் நின்றிருக்கும், நங்கூரம் போட்டுக் கிடப்பார்கள், வேறு படகு கட்டி இழுத்து வரும் என்று ஊருக்கே தைரியம் சொன்னவன் நான். இங்கே அந்தப் பேச்சு ஒன்றும் எடுபடவில்லை. இஞ்சின் நின்றால் விமானம் எங்கே மிதக்கும்?

"யோவ், என்னை கேக்க உட்டிருந்தா இன்னாயா போயிருக்கும்?" என்றாள் மனைவி. போனை அவள் கையிலேயே கொடுத்தேன். என் வீட்டில் அது அபூர்வம்.

அடுத்து மணி அடித்தபோது அவள்தான் எடுத்தாள்.

"மா, நடுவுல ஒரு தீவுல கீறேன். இந்த ஃப்ளைட்டு எப்பவும் இங்க எறங்கி ஆளுங்களை உட்டுட்டுதான் போவும். மழை புடிச்சிக்கிச்சு, இப்பதான் சிக்னல் கெடைச்சுது. காலைலயே சொல்லலாம்னு பார்த்தேன், நைனா போனை புடுங்கிடுச்சு."

மனைவி என்னைப் பார்த்தபடியே கேட்டாள்: "எத்தினி மணிக்கு எறங்குவே?"

"மழை உட்டு ஏறினா, ஒரு மணி நேரத்துக்குள்ள, மா."

மழை விட்டது. சாயங்காலம் போர்ட் பிளேரிலிருந்து, "எறங்கிட்டேன்" என்று அவள் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

படகில் போகிறவனை இன்றும் நாங்கள் யாரும் கேட்பதில்லை. மகள் விமானம் ஏறும்போது மட்டும் என் மனைவி கேட்கிறாள். நான் பக்கத்து அறைக்குப் போய்விடுகிறேன். கதவைச் சாத்துவதில்லை.