வகிடு எந்தப் பக்கம்?

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்பாவுக்கு சலூன் கடை. பைக்கில் வீலிங் விடும் பையன்களைப் பிடித்தால் போலீஸ்காரர்கள் நேராக அங்கேதான் இழுத்து வருவார்கள். அப்பா மெஷினை ஓட்டி ஒட்ட வெட்டிவிடுவார். மறுநாள் அந்தத் தலையைப் பார்த்தாலே ஊருக்கே தெரிந்துவிடும், இவன் ஸ்டேஷன் கேஸ் என்று.

பிளஸ் டூ படிக்கும்போது ஒரு சாயங்காலம் என்னையும் இழுத்து வந்தார்கள். வண்டி என் வகுப்புத் தோழனுடையது. அவன் அப்பா டாக்டர். வீலிங் விட்டது அவன், பின்னால் உட்கார்ந்திருந்தது நான். மறுநாள் கடலூரில் மாவட்டப் பேச்சுப் போட்டி. பள்ளியிலிருந்து என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கலெக்டர் கையால் பரிசு வாங்கப் போகிறேன், ஒருநாள் நானே கலெக்டராவேன் என்று வீட்டில் வாய் ஓயாமல் பீற்றிக்கொண்டிருந்தேன்.

"உம் புள்ளையா? நல்லா வளத்துருக்க. உக்கார வச்சு எடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார், நாளைக்குப் பேச்சுப் போட்டிக்குப் போறான்..." அப்பா இழுத்தார்.

"கிழிச்சான். எடுய்யா."

எடுத்துவிட்டார். கண்ணாடியில் என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

அடுத்து அவன் உட்கார்ந்தான். அதற்குள் இன்ஸ்பெக்டருக்குப் போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தவரின் குரல் குழைந்திருந்தது. "இது டாக்டர் வீட்டுப் புள்ள. ஃப்யூச்சர் போயிடும். சும்மா சீவி உட்டு அனுப்பு."

அப்பா சீப்பை எடுத்தார். அவன் தலையில் தண்ணீர் தெளித்தார். "தம்பிக்கு வகிடு எந்தப் பக்கங்க?" என்று கேட்டார்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் என் தலையைப் பார்த்தார். "இந்த மண்டையோட மேடை ஏறப் போறியா? ஸ்கூல் மானம் போறதுக்கா?" என்று கத்திவிட்டு எனக்குப் பதிலாக அவனை அனுப்பினார். பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொள்ளட்டும் என்று நான் எழுதி வைத்திருந்த பேச்சையும் பிடுங்கி அவனிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கத்தினேன்.

"நான் எடுக்கலன்னா ஸ்டேஷன்ல வச்சு எடுத்துருப்பாங்கடா" என்றார்.

"சரி, எனக்கு எடுத்த. அவனுக்கு ஏம்ப்பா சீவி உட்ட?"

வருஷங்கள் ஓடிவிட்டன. போலீஸும் டாக்டரும்கூட எனக்கு மறந்துபோகிறார்கள். அந்தச் சீப்பு மறக்கவில்லை.

இப்போது நான் கடலூரில் ஒரு கம்பெனியில் கிளார்க். ஊருக்கு வரும்போதெல்லாம், "முடி வளந்துருக்கே, உக்காரு" என்பார் அப்பா. நான் ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போவேன். கண்ணாடியில் எங்கள் கடை தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்காருவேன். அப்பா வாசலுக்கு வந்து நிற்பார். வகிடு எந்தப் பக்கம் என்று எதிர்க்கடைக்காரர் கேட்பார். அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வேன்.